மெதுவாகப் பேசச் சொன்னவள்

ஜூன் 9, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் வேலை. எங்கள் செயலாளர் ஞானசுந்தரம் சாருக்கு ஞாயிறு, திங்கள் என்ற பேதமெல்லாம் கிடையாது. "கலைக்கு ஏது மேகலா லீவு?" என்று கேட்டுவிட்டு அவர் பேரன் மொட்டைக்குப் பழனி போய்விட்டார். நான் சில்லாங்காட்டுக்குப் பேருந்து ஏறினேன்.

எங்கள் வட்டாரக் கலை மன்றம் வருடத்துக்கு ஒரு குழுவைத் தத்தெடுக்கும். தபால்காரர்கள் பாட்டுக் குழு, சந்தைப் பெண்கள் கும்மி, பேருந்து நிலையச் சுவரில் படம் வரைகிற பிள்ளைகள் என்று யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். ஆகஸ்ட் விழாவில் ஐந்து குழுக்கள் மேடையேறும். நடுவர்கள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். அதற்கு ஒத்திகை இடம், விளக்கு, மைக், ஊர் ஊராகப் போக வண்டி எல்லாம் மன்றத்தின் பொறுப்பு. இந்த வருடம் சில்லாங்காட்டு விசைத்தறிப் பெண்களின் நாடகக் குழு ஐந்தில் ஒன்று. அவர்களை விழாவுக்குத் தயார் செய்வது என் தலையில் விழுந்திருக்கிறது.

தறி நிற்கும் ஒரே நாள் ஞாயிறு. ஷெட்டின் மூலையில் காலியாக இருக்கும் இடத்தில்தான் ஒத்திகை. ஆவணியில் முதலாளி அங்கேயும் தறி போடப் போகிறாராம். அதற்குப் பிறகு இவர்களுக்கு நிற்க இடமில்லை. தெருக்கோடியில் மன்றத்துக்குச் சொந்தமான கலைக்கூடம் பூட்டிக் கிடக்கிறது. ஜெயித்தால் அது கிடைக்கும், தோற்றால் நாடகத்தை மூட்டை கட்ட வேண்டியதுதான். குழுத் தலைவி சம்பூரணம் இதை என்னிடம் சொன்னபோது தெருவே திரும்பிப் பார்த்தது. அப்படி ஒரு குரல்.

நாடகமும் அப்படித்தான். தறி வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். அவசர ஆர்டர், தறியை நிறுத்த முடியாது. ஓடுகிற தறிக்கு நடுவே மாப்பிள்ளை வீட்டாரும் பெண் வீட்டாரும் கத்திக் கத்திச் சம்பந்தம் பேசுகிறார்கள். கத்தி முடியாதபோது கைச்சாடை. எட்டுப் பெண்கள் நாற்பது நிமிடம் கத்தினார்கள். எனக்குத் தலைவலி வந்துவிட்டது.

காப்பி கொடுக்கும்போது சம்பூரணம் பக்கத்தில் இருந்தவளிடம் விரலை வளைத்துக் காலைக் காட்டி, 'புதுச் செருப்பு, மேடத்தைக் கடிக்குது' என்றாள். கடிக்கத்தான் செய்தது.

ஜூன் 10, திங்கள்

செயலாளரிடம் விவரம் சொன்னேன். "கொஞ்சம் பட்டை தீட்டணும் மேகலா. சென்னையிலேருந்து நடுவர் வர்றார். நுட்பமான ஆளு" என்றார். எனக்கும் அதுதான் பட்டது.

மத்தியானம் அம்மா போனில் கூப்பிட்டாள். மாடிப்படிக்குப் போய்ப் பேசினேன். எங்கள் அறையில் சிக்னல் சரியாகக் கிடைப்பதில்லை.

ஜூன் 16, ஞாயிறு

இன்று முதல் ஒத்திகை. எல்லாரையும் வட்டமாக உட்காரவைத்து அறிமுகம் செய்துகொண்டோம். பரிமளா என்பவள் போன வருடம்தான் தறிக்கு வந்தவள், மற்ற எல்லாரும் பதினைந்து வருடம், இருபது வருடம் என்றார்கள். நான் பேசும்போது எல்லாரும் என் கண்ணைப் பார்க்காமல் வாயையே பார்த்தார்கள். மரியாதை தெரியாத ஜனங்கள் என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கக்கூடும்.

கிளம்பும்போது சம்பூரணம் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "ஏனுங்க மேடம், நீங்க துளசிமணி அக்கா மகளா? பள்ளத்துக்காட்டு ஷெட்டுல எனக்குப் பக்கத்துத் தறி அவங்க. எனக்கு முடிச்சுப் போடப் பழக்குனதே அக்காதான். சின்னப் புள்ளையத் தூக்கீட்டு வருவாங்க. பாப்பா பாப்பான்னுதான் கூப்புடுவாங்க, பேரு நெனப்பில்லீங்க."

"இல்லீங்க" என்றேன்.

"சாயல் அப்பிடியே இருக்குதுங்க" என்றாள்.

"நான் டவுனுங்க."

இதில் பெரிய பொய் ஒன்றுமில்லை. நான் டவுனுக்கு வந்து பதினான்கு வருடமாகிறது. வேலை செய்யும் இடத்தில் சொந்தம் கொண்டாட ஆரம்பித்தால் நாளைக்கு ஒரு கண்டிப்பு வார்த்தை சொல்ல முடியாது. ஒரு குழுவுக்குச் சலுகை காட்டினேன் என்று பேச்சு வரும். மன்ற வேலையில் நடுநிலை முக்கியம்.

பேருந்தில் வரும்போது சில்லறைக்காக நடத்துனரோடு தேவையில்லாமல் சண்டை போட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

நாடகத்தில் கை வைத்தாகிவிட்டது. முதலில் தறிச் சத்தத்தை எடுத்தேன். தறி ஓடுகிறது என்பது ஒரு விளக்கு அசைவில் தெரிந்தால் போதும். தறிச் சத்தம் இல்லாவிட்டால் கத்தலுக்கும் அவசியமில்லை. கைச்சாடையையும் எடுத்தேன். மேடையில் எட்டுப் பேரும் கையை ஆட்டிக்கொண்டிருந்தால் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள்?

"மெதுவாப் பேசுங்க. வீட்டுல பேசற மாதிரி பேசுங்க" என்றேன்.

"வூட்டுலயும் இப்பிடித்தானுங்க பேசுவோம்" என்றாள் சம்பூரணம். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

மாலையில் பல் டாக்டர். கடைவாய்ப் பல்லை எடுக்க வேண்டுமாம்.

ஜூன் 30, ஞாயிறு

மெதுவாகப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். சம்பூரணம் பேசினால் இப்போது முதல் வரிசைக்கே சிரமப்பட்டுத்தான் கேட்கும். மைக் வைத்துக்கொள்ளலாம். அம்மா வேடத்தில் அவள் குரலை அடக்கிப் பேசும்போது அழகாக இருக்கிறது என்று நானே சொன்னேன். "எனக்கு நாம் பேசறனா இல்லியான்னே தெரியலீங்க மேடம்" என்றாள். நடிகைகளுக்கு ஆரம்பத்தில் இப்படித்தான் இருக்கும்.

ஜூலை 4, வியாழன்

அழைப்பிதழ் அச்சாகி வந்தது. யார் பெயருக்கு அடுத்து யார் பெயர் என்று செயலாளரும் தலைவரும் ஒன்பது நாள் மல்லுக்கட்டி, தொழிலதிபர்கள், முன்னாள்கள், இந்நாள்கள் எல்லாரையும் ஒருவழியாக வரிசைப்படுத்திவிட்டார்கள். ஐந்து குழுக்களின் பெயர் மட்டும் இல்லை. கல்யாணச் சந்தடியில் தாலி கட்ட மறந்த கதை. கடைசியில் தனித் தாளில் அச்சடித்து உள்ளே சொருகலாம் என்று முடிவு. சொருகுவது நான்.

அம்மா இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறாள். பக்கத்து மேசை நித்தியகல்யாணி, "யாரோ உங்களைத் திட்டற மாதிரி கேக்குதே மேகலா" என்றாள். கஸ்டமர் கேர் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. எந்த கஸ்டமர் கேரில் 'சாப்பிட்டியா கண்ணு' என்று கேட்கிறார்கள்?

ஜூலை 7, ஞாயிறு

இன்று நிற்கும் இடங்களை மாற்றினேன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வட்டமாக நின்று பேசுவது தெருச்சண்டை மாதிரி இருக்கிறது. எல்லாரும் சபையைப் பார்த்து நிற்க வேண்டும். அம்மா முன்னால், மாப்பிள்ளை வீட்டார் அவளுக்குப் பின்னால். படம் மாதிரி இருக்கும்.

சம்பூரணம் நான் சொன்ன இடத்தில் நின்று பார்த்தாள். பிறகு, "மேடம், பொறவால நின்னு பேசுனா எனக்கு எப்பிடீங்க தெரியும், எப்பப் பதில் சொல்லோணும்னு?" என்று கேட்டாள்.

"கவனமா இருந்தாத் தெரியும்" என்றேன்.

அவள் மற்றவர்களைப் பார்த்தாள். ஒருத்தி கைச்சாடையில் 'கூடம் வேணுமல்ல, சும்மா இரு' என்றாள். சம்பூரணம் தலையாட்டினாள். "சரிங்க மேடம். நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பிறகு வரிசையாகத் தப்பு. கேட்காத கேள்விக்குப் பதில், கேட்ட கேள்விக்கு மௌனம். "ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம், அந்தக் கதையா இருக்குது" என்று சொல்லிவிட்டேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. சொன்னது அவர்களுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று நினைக்கிறேன். நான் அப்போது திரும்பி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

இன்று தப்பே இல்லை! மூன்று முறை ஓட்டிப் பார்த்தோம், மூன்று முறையும் தண்ணீர் மாதிரி ஓடியது. பிறகுதான் கவனித்தேன். பரிமளா ஒவ்வொருத்தி பின்னாலும் போய் முதுகில் விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வருகிறாள். தட்டினால் பேசுகிறார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விளையாட்டு மாதிரி இருந்தது. மேடையில் அசிங்கமாகத் தெரியும், கூடாது என்றேன்.

பரிமளாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவங்களுக்கு..." என்று ஆரம்பித்தாள். சம்பூரணம் அவள் கையைப் பிடித்து அமுக்கினாள். "பழகிக்கறமுங்க" என்றாள் என்னிடம்.

பரிமளா என்ன சொல்ல வந்தாள் என்று நான் கேட்கவில்லை. நேரமாகிவிட்டது, ஐந்தரைப் பேருந்தை விட்டால் ஏழு மணிக்குத்தான்.

ஜூலை 21, ஞாயிறு

பல் பிடுங்கியதால் ஒத்திகைக்குப் போகவில்லை. எனக்கும் ஒரு ஞாயிறு வேண்டும்.

ஜூலை 28, ஞாயிறு

சுமாராக இருக்கிறது. மேடையில் நடிகர்களைப் பார்த்து ஒரு ஸ்பீக்கர் வைக்கச் சொல்லி மைக்செட் கந்தவேலுவிடம் பேசியிருக்கிறேன். சத்தம் அவர்கள் முகத்துக்கு நேராக வந்தால் எல்லாம் சரியாகிவிடும். எனக்குத் தெரிந்த வரையில் இதற்குமேல் யாரும் செய்ய முடியாது.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். தீபாவளிக்கு நான் எடுத்துக் கொடுத்த மாம்பழ நிறச் சேலையை இன்றுதான் பிரித்துக் கட்டியிருந்தாள். முளைப்பாரியை ஆற்றில் விட்டுவிட்டு வந்து சோறு போட்டாள். தேங்காய்ச் சாதமும் எலுமிச்சைச் சாதமும். பல் பிடுங்கிய பக்கம் மெல்லக் கூடாது என்று கையால் சொன்னேன். எங்கள் வீட்டில் பாதிப் பேச்சு எப்போதும் கையால்தான். முப்பது வருடம் தறிக்கு நடுவே நின்றவளுக்கு இதுதான் வசதி. எனக்கு நடக்கத் தெரிவதற்கு முன்பே இந்தப் பேச்சு தெரியும் என்று அவள் பெருமையாகச் சொல்வாள்.

"ஏங்கண்ணு, பத்தாந்தேதி டவுனுல நாடகமாமா? நீதான் அதுக்குப் பெரிய இதுன்னு பக்கத்து வூட்டு மல்லிகா சொன்னா. தறிக்காரப் பொம்பளைங்க நடிக்கறாங்களாமா?" என்று கேட்டாள். மூன்று வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

'ஆமா' என்றேன் கையால்.

"நானும் வரட்டா?"

'கூட்டமா இருக்கும்.'

"நா ஒரு ஓரமா உக்காந்துக்கறன். வாயே தொறக்க மாட்டங் கண்ணு. சும்மா பாத்துட்டு பஸ் ஏறி வந்தர்றன்."

'பாஸ் இருக்கறவங்களத்தான் விடுவாங்க' என்றேன்.

விழா திறந்தவெளி மைதானத்தில். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று ஃப்ளெக்ஸில் போட்டிருக்கிறது. ஃப்ளெக்ஸுக்கு வாசகம் எழுதியதே நான்தான்.

"பெரியவங்க வர்ற எடம். சரி சாமி" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சாதம் வைத்தாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பந்தல், நாற்காலி, தண்ணீர் கேன், பொன்னாடை பதினெட்டு, குழந்தைகளுக்கு பிஸ்கட். கந்தவேலு அந்த ஸ்பீக்கரை மறந்துவிடக் கூடாது.

ஆகஸ்ட் 10, சனி

முடிந்தது. இன்று எழுதுவதற்கில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

சில்லாங்காட்டுக் குழு மூன்றாவது. முதல் ஐந்து நிமிடம் நன்றாகப் போனது. கந்தவேலு ஸ்பீக்கரைக் கொண்டுவந்திருந்தான், வைக்கச் சொன்ன இடத்திலும் வைத்திருந்தான். மைதானத்துக்கே அது இரைந்தது. ஆனால் அதனால் ஒன்றும் ஆகவில்லை. இரைச்சல் வேறு, பேச்சு விளங்குவது வேறு போலிருக்கிறது.

மாப்பிள்ளையின் தாயாக நடித்தவள், "பொண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா?" என்று பின்னாலிருந்து கேட்டாள். முன்னால் நின்ற சம்பூரணம் பதில் சொல்லவில்லை. சபையைப் பார்த்து லேசாகச் சிரித்தபடி நின்றாள். இன்னொரு முறை கேட்டாள். அப்போதும் அதே சிரிப்பு. பிறகு, நேரமாகிவிட்டது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும், அதற்கு மூன்று கேள்வி தள்ளி வரவேண்டிய பதிலை, "அதெல்லாம் கல்யாணத்துக்கப்பறம் பாத்துக்கலாமுங்க" என்று சொன்னாள். கூட்டம் சிரித்தது. நல்ல சிரிப்பு இல்லை. பின்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். அதற்குப் பிறகு எட்டுப் பேரும் ஆளுக்கொரு இடத்தில் தொலைந்துபோனார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினார்கள். பிறகு யாருமே பேசவில்லை. சென்னை நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

சம்பூரணம் என்னைப் பார்த்தாள். நான் மேடைக்குப் பக்கவாட்டில், அவளுக்கு நன்றாகத் தெரியும் இடத்தில் நின்றிருந்தேன். என் இரண்டு கையிலும் பொன்னாடைத் தட்டு இருந்தது.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு அம்மாள் எழுந்து மேடைக்கு முன்னால் வந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். மாம்பழ நிறச் சேலை. மேடை வெளிச்சம் விழும் இடத்தில் நின்றுகொண்டார். மாப்பிள்ளையின் தாய் அதே கேள்வியை மறுபடியும் கேட்டாள். நடிகர்கள் எல்லாரும் சபையைப் பார்த்து நின்றதால், யார் வாய் அசைகிறது என்று அவருக்குத் தெரிந்தது. அதைப் படித்து, படித்ததைக் கையால் சம்பூரணத்துக்குச் சொன்னார். 'சமைக்கத் தெரியுமான்னு கேக்கறா.' சம்பூரணம் கண்ணை விரித்து அவரைப் பார்த்தாள். பிறகு ஏழு வாரமாக நான் பாடுபட்டு அடக்கி வைத்திருந்த குரலை அப்படியே அவிழ்த்துவிட்டாள்: "சமைப்பாளுங்க! நீங்க தின்னுட்டு உசுரோட இருக்கோணும், அதான்!"

மைதானம் அதிர்ந்தது. அதற்குப் பிறகு நான் வைத்த இடத்தில் ஒருத்தியும் நிற்கவில்லை. திரும்பி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கத்தினார்கள், கையை ஆட்டினார்கள், பரிமளா வாயாலேயே தறிச் சத்தம் போட்டாள். கூட்டத்தில் பாதிப் பேர் தறிக்காரர்கள். அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மேடைக்குக் கையால் பதில் சொன்னார்கள். அந்த அம்மாள் ஓரமாகப் போய் நின்று சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

நல்ல நாடகம். அது நான் முதல் நாள் பார்த்த நாடகம்தான்.

ஆகஸ்ட் 12, திங்கள்

நடுவர்கள் ஒருமனதாகச் சில்லாங்காட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அவர்களுக்குக் கூடம் கிடைத்துவிட்டது. இது சந்தோஷமான செய்தி, சந்தோஷமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை மேடையிலேயே செயலாளர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். "நாடகம் உடையற மாதிரி காட்டி, சபையிலிருந்து ஒருத்தரை எழுப்பி, பார்வையாளரையே நடிகராக்கின உத்தி இருக்கே!" என்று மைக்கில் சொன்னார். சென்னை நடுவர் கை கொடுத்தார். "அந்தம்மாவை எங்கே பிடிச்சீங்க? தத்ரூபம்" என்றார்.

"நம்ம பக்கத்துல நிறைய பேர் இருக்காங்க சார்" என்றேன்.

இந்த வாக்கியத்தை இரண்டு நாளாக மென்றுகொண்டிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

அம்மாவிடமிருந்து போன் இல்லை. நானும் கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஒரு அம்மாள், ஒரு அம்மாள் என்று என் சொந்தக் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறேன். வேறு யார் படிக்கப் போகிறார்கள் இதை? அது என் அம்மா. துளசிமணி. பாஸ் இல்லாமல் பேருந்தேறி வந்து, பாஸ் கேட்க அங்கே யாருமே இல்லை என்பதையும் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

அந்தப் பெண்களுக்குத் தறி இரைச்சலில் காது மந்தமாகிவிட்டது என்று எனக்கு முதல் ஒத்திகையிலேயே தெரியும். என் வாயைப் பார்த்தபோதே தெரியும். தெரிந்துதான் பின்னால் நிறுத்தினேன், பரிமளா தட்டியதையும் தடுத்தேன். அவர்கள் கத்துவதும் கையை ஆட்டுவதும் என் வீடு. அதைச் சென்னைக்காரர் முன்னால், நித்தியகல்யாணி முன்னால் மேடையேற்ற எனக்குக் கூசியது. சம்பூரணம் என்னைப் பார்த்தபோது என் கையில் தட்டு இருந்ததாக எழுதியிருக்கிறேன். பக்கத்தில் மேசையும் இருந்தது.

எழுதாமல் விட்டது இன்னொன்று இருக்கிறது. நாடகம் முடிந்து, எனக்குப் பொன்னாடை போர்த்தி நாங்கள் கீழே இறங்கியதும், சம்பூரணம் மேடையிலிருந்து குதித்து இறங்கி ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "அக்கா! துளசிமணி அக்கா! நீங்களா!" இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கன்னத்தைத் தொட்டுத் தொட்டு அழுதார்கள். நான் நாலடி தள்ளிப் பொன்னாடையோடு, செயலாளர் பக்கத்தில் நின்றிருந்தேன். சம்பூரணம் கேட்டாள்: "பாப்பா எங்கீங்கக்கா? வந்திருக்குதா?"

அம்மா என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு முறைதான். என் முகத்தில் என்ன இருந்ததோ, அதைப் படித்துவிட்டாள். வாயசைவைப் படித்தே வாழ்ந்தவளுக்கு அது பெரிய காரியமில்லை.

"அவ வல்ல சம்பூரணம்" என்றாள். அவளுடைய அந்தக் குரலில். மைதானம் முழுக்கக் கேட்டது. "ஆபீசுல வேல அவளுக்கு."

நான் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டேன். அதற்குள் சம்பூரணத்தைப் போட்டோவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அவள் திரும்பி வருவதற்குள் அம்மா போய்விட்டாள்.

இன்று அம்மா வீட்டுக்குப் போனேன். சுண்டைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். எதுவும் நடக்காததுபோல, "பல்லு வலி தேவலையா?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவள் சுண்டைக்காயைத் தள்ளி வைத்துவிட்டு என் தலையைப் பிடித்து மடியில் சாய்த்துக்கொண்டாள். அவளுக்குக் கோபம் வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

பிறகு உட்கார்ந்து, அடுத்த ஞாயிறு கூடத்தின் சாவி கொடுக்கிறோம், நீ என்னோடு வர வேண்டும் என்றேன். கையாலும் சொன்னேன், வாயாலும் சொன்னேன். எல்லாரிடமும் என் அம்மா என்று சொல்லப் போகிறேன் என்றேன்.

அம்மா என் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"வேணாஞ்சாமி" என்றாள். "சம்பூரணத்துக்கிட்ட நீ வல்லைன்னு சொல்லிப்போட்டன். இப்ப உங்கூட வந்து நின்னா, அக்கா பொய் சொல்லிப்போட்டான்னு நெனைக்க மாட்டாளா? பக்கத்துத் தறி அவ. அவகிட்ட அதுக்கு முந்தி ஒரு பொய் சொன்னதில்ல நானு."

நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அவள் சுண்டைக்காயை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "அவ மூஞ்சியில எப்பிடி முழிப்பன் கண்ணு?" என்று மட்டும் ஒரு முறை கேட்டாள்.

நான் செய்ததற்கு அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

காலையில் செயலாளருக்குப் போன் செய்து, உத்தியும் இல்லை ஒன்றும் இல்லை சார், நான் நாடகத்தைக் கெடுத்தேன், என் அம்மா வந்து காப்பாற்றினார் என்று சொன்னேன். அவர் முதலில் யாரிடமோ கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு, "இதை வெளியில சொல்ல வேணாம் மேகலா, அறிக்கை மேலே போயாச்சு" என்றார். சொல்லுவேன் சார் என்று வைத்துவிட்டேன். அவர் இன்று வரவில்லை. உறவில் சீமந்தமாம்.

கலைக்கூடத்தைக் குழுப் பெண்கள் ஏற்கெனவே கழுவிக் கோலம் போட்டிருந்தார்கள். உள்ளே அடைத்து வைத்திருந்த ஓட்டை நாற்காலிகளெல்லாம் வெளியே கிடந்தன. பரிமளா எல்லாருக்கும் கேசரி கொடுத்தாள், எனக்கும் கொடுத்தாள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எட்டுப் பேருக்கும் என் முகம் தெரியும்படி நின்றேன். கத்திச் சொன்னேன். கையாலும் சொன்னேன். அவர்கள் முன்னால் என் கை அப்படிப் பேசியது அதுதான் முதல் முறை.

"நான் துளசிமணி மகள். உங்களுக்குக் காது கேக்காதுன்னு தெரிஞ்சேதான் பின்னால நிறுத்தினேன். அன்னைக்கு நான் அங்கேதான் இருந்தேன். நான் மூஞ்சியைத் திருப்பிக்குவேன்னு பயந்து, நான் வரலைன்னு அம்மா சொல்லிட்டாங்க. பொய் சொன்னது அவங்க இல்லை, நான். இப்ப உங்க முன்னால வர வெக்கப்பட்டுக்கிட்டு வீட்டுலயே உக்காந்திருக்காங்க."

சம்பூரணம் என் கையிலிருந்து சாவியை வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

"மொதல்லயே கேட்டனுங்களே மேடம்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருக்கலாம். அவள் குரலுக்கு நன்றாகத் திட்டியிருக்க முடியும்.

"அக்கா வூடு எங்க?" என்று கேட்டாள். ஊரும் தெருவும் சொன்னேன். பிள்ளையார் கோயிலுக்கு அடுத்த சந்து, பச்சைக் கதவு என்றேன். அவள் மற்றவர்களைப் பார்த்துக் கையால் ஏதோ சொன்னாள். அவர்கள் கேசரித் தூக்கை எடுத்துக்கொண்டார்கள். பரிமளா ஓடிப்போய் மினி ஆட்டோ பிடித்து வந்தாள். எட்டுப் பேரும் ஏறினார்கள். இன்னும் ஒரு ஆள் உட்கார இடம் இருந்தது. நான் படியில் நின்றுகொண்டிருந்தேன். என்னைக் கூப்பிடவில்லை.

சாவி சம்பூரணத்தின் இடுப்பில் போய்விட்டது. கூடத்தைத் திறந்து போட்டுவிட்டுப் போக முடியாது என்பதால், அவர்கள் திரும்பி வரும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தேன்.